பனந்தடியில் முதல் மரியாதை

என் கல்யாணம் ஒரு பனந்தடியால் நடந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்களுடைய அப்பாவைக் கேட்டால், "நெம்புகோலின் தத்துவம் என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார்; உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் எழுந்து ஓடிவிடும். ஆகவே தத்துவத்தை அவரிடம் விட்டுவிட்டு, நடந்ததை நான் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகிற வண்டித் தடத்தில் இருந்தது. ஊரில் பாதிக்கு மேல் கிறிஸ்தவச் சபையார். ஆலயத்தைக் கோயில் என்போம், பாதிரியாரை ஐயர் என்போம். மிஷன் பள்ளிக்கூடம் கோயிலை ஒட்டி ஒரே கூரையில் இருந்தது, நடுவில் ஓர் ஓலைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொன்னேன். அந்தப் பக்கம் பையன்களுக்கு அவர் சொன்னார்.

அவர் சேரன்மகாதேவிக்காரர், பாளையங்கோட்டையில் வாத்தியார்ப் பயிற்சி முடித்து வந்தவர். உடம்பு முருங்கைக்காய், குரல் மட்டும் கோயில் மணி. துரைமார் அனுப்பிய படம் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு நெம்புகோல், கப்பி, ஆப்பு, சாய்பலகை என்று நாள் முழுக்க முழங்குவார். "ஆதாரத்துக்குப் பக்கத்தில நின்னு அமுக்கினா ஆனை அமுக்கினாலும் அசையாது! தள்ளி நின்னு அமுக்கினா பூனை போதும்!" தட்டி ஓலைதானே, அத்தனையும் என் பக்கம் வந்து விழும். என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது, "ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆதாரம் நடுவில" என்று ஒப்பித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் தட்டியைப் பிய்த்து எறிந்திருப்பேன். ஆனால் பாடம் எனக்கும் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற பெண்களிடம் போய், "இந்தக் கப்பி உங்க பாரத்தைக் குறைக்கலை, திசையைத்தான் மாத்துது" என்றார். "அப்படியா சார்வாள்! அந்தத் தெசையைக் கொஞ்சம் நீங்க பிடிங்க" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். தெருவுக்கே அன்றைக்கு அவர்தான் தண்ணீர் இறைத்தார். இன்னொரு நாள் சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரத்துக்குக் கீழே தடியைக் கொடுத்து, வண்டிக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் மாட்டின் வாலை ஒரு முறுக்கு முறுக்க, வண்டி போயே போய்விட்டது. அவர் தடியோடு நின்று சேற்றுக்கு விளக்கம் சொன்னார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது. மற்றவர்கள் கர்வத்தில் நாலு பேரைத் திருத்துவார்கள். இவர் சந்தோஷத்தில் திருத்தினார். ஒரு சின்னத் தடி பெரிய கல்லைப் புரட்டுகிறதே என்ற ஆச்சரியம் அவருக்கு வருஷம் பூராவும் தீரவே இல்லை. அப்படி ஆச்சரியப்படுகிற ஆண்பிள்ளையை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

அவருக்கும் என்மேல் நினைப்பு இருந்திருக்கிறது. ஐயரை அனுப்பி என் அப்பாவிடம் பெண் கேட்டார். அப்பா சபையின் பெரிய மூப்பர். உருவமும் பெரியது, கோபமும் பெரியது. கேட்டது நல்ல நேரமில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கோயில் முற்றத்தில் சபையார் பார்க்க அப்பா ஆப்பு அடித்து விறகு பிளந்துகொண்டிருந்தார். வழியே போன வாத்தியார் சும்மா போயிருக்கலாம். "ஐயா, ஆப்பு இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தா அடி மிச்சம்" என்று சொல்லிவிட்டார். சொன்னது சரி என்பதுதான் அப்பாவால் பொறுக்க முடியாமல் போனது.

"என்னைத் திருத்துன வாயி அது, ஐயரே" என்றார் அப்பா. "அந்த வாயை வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்க? பிள்ளையைக் கொற்கையில என் தங்கச்சி மகனுக்குக் குடுக்கேன். அவனாவது பேசாம திம்பான்."

அத்தான் நல்லவன்தான். தோள் ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் இருக்கும். ஆனால் வேடிக்கை சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவான். சிரித்து முடிந்ததும் வேடிக்கை மறந்துபோகும். அந்தச் சிரிப்பை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டுமே என்று அம்மாவிடம் சொன்னேன். "சிரிக்கிற மாப்பிள்ளை கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்ட்டி" என்றாள்.

அப்போதுதான் அசனம் வந்தது. அறுப்பு முடிந்து ஸ்தோத்திரப் பண்டிகை கொண்டாடுவோம். பண்டிகை முடிவில் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும். அதற்குத்தான் அசனம் என்று பெயர். மண்ணைத் தோண்டி நீளமாகப் போட்ட அடுப்பில், ஒரு மாட்டையே உள்ளே உட்கார வைக்கலாம் போன்ற கிடாரத்தில் சோறு வேகும். பதம் வந்ததும் கிடாரத்தின் இரண்டு வளையங்களிலும் கம்பு கொடுத்து இறக்கி வைக்க வேண்டும். அதை யார் இறக்குவது என்பதுதான் எங்கள் ஊர்த் தலைவலி. கிடாரம் இறக்குவது முதல் மரியாதை. வலது வளையம் அதிலும் முதல். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். எங்கள் மூப்பர்மார் பந்திக்கும் முந்துவார்கள், அடுப்புக்கும் முந்துவார்கள். முந்தின வருஷம் வலது வளையம் யாருக்கு என்று இரண்டு வீட்டார் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதில், சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் அதற்குக் கஞ்சிப் பண்டிகை என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் எங்கள் ஊர் ஆளைக் கண்டால், "வே, தொட்டுக்கிடத் தொவையல் கொண்டாந்தீரா?" என்று கேட்டார்கள்.

இந்த வருஷம் பண்டிகைப் பொறுப்பு அப்பாவுடையது. கிடாரத்தை வளையம் இல்லாமல், சண்டை இல்லாமல் இறக்க வாத்தியாரிடம் ஒரு வழி இருக்கிறது என்று ஐயர் சொன்னார். அப்பா யோசித்தார். அவருக்கு என் கல்யாணத்தைவிடக் கஞ்சிப் பெயர்தான் பெரிய பயம்.

"சரி. சோறு குழையாம இறங்கட்டும், பிள்ளையைத் தாரேன்" என்றார். "குழைஞ்சிதுன்னா வாத்தியாரு வேற ஊரு பாக்கட்டும். பிள்ளை கொற்கைக்குப் போவட்டும்."

இப்படியாக என் தாலி ஒரு கிடாரச் சோற்றில் போய் மாட்டிக்கொண்டது.

பண்டிகைக்கு முந்தின நாள் வெள்ளோட்டம் பார்த்தார்கள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் நானும் குடத்தோடு நின்றேன். கிளை பிரிகிற இடத்தோடு வெட்டிய வேப்பங்கட்டை ஒன்றை, கவை மேலே இருக்கும்படி வாத்தியார் அடுப்புக்குப் பக்கத்தில் ஆழமாக நட்டிருந்தார். கோயில் கூரைக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த நெடும் பனந்தடியைக் கவையில் குறுக்கே போட்டு, குட்டையான முனையில் கிடாரத்தைச் சங்கிலியால் கட்டியிருந்தார். நீளமான முனை புளியமரம் வரைக்கும் போய், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு கயிறு தொங்கியது. கிடாரத்தில் பாதிவரை தண்ணீர்.

அவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். முதலில் வௌவால் மாதிரி ஆடினார். பிறகு தடி மெல்ல மெல்லச் சாய்ந்தது. முருங்கைக்காய் உடம்பு கீழே வர, அங்கே கிடாரம் அடுப்பைவிட்டு எழுந்தது! அவர் ஓராள் உயரம் இறங்கியிருப்பார். கிடாரம் ஒரு முழம்தான் ஏறியது. "வலுவில வார லாபம் தூரத்தில நட்டம்! அதுதான் கணக்கு!" என்று தொங்கிக்கொண்டே கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. சோறு நிறைந்தால், ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியாரும் ஒரு கை பிடித்தால் போதும் என்றார். அப்பா, "ம்" என்றார். அந்த 'ம்' கேட்டு நான் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனேன்.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்தது. ஐயர் கோயில் படிக்கட்டின் பக்கம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபம் பண்ணக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். பிள்ளைகள் வாழையிலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பெண்களோடு சோறு கொட்டுகிற பாய்களை விரித்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர் கிடாரத்தில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "பதம் வந்தாச்சு, எறக்குங்க!" என்று குரல் கொடுத்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோற்றில்தான் நானும் இருந்தேன்.

வாத்தியாரும் உபதேசியாரும் கயிற்றுக்குப் போனார்கள். அந்த நேரம் மூப்பர்மார் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். வளையம் போனால் என்ன, மரியாதை மரியாதைதானே! கிடாரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பெருமை என்று, தடியில் கவையை ஒட்டி இடம் பிடித்தார்கள். ஒருவர் வயிறு இன்னொருவர் முதுகில் இடித்தது. பண்டிகைக்கு வந்திருந்த கொற்கை அத்தானும் உள்ளே நுழைந்துகொண்டான். தூரத்து முனை யாருக்கும் வேண்டாம். அது புளியமரத்தடியில், எலும்புக்குக் காத்திருக்கிற நாய்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இதைப் பார்த்த உபதேசியாருக்கும் கடைசி ஆளாக நிற்க மனமில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்து தடியில் ஒரு சாண் இடம் கேட்டார்.

அப்பாவைச் சொல்ல வேண்டும். பண்டிகை அவருடையது, எல்லோருக்கும் முன்னால் அவர் நிற்க வேண்டும். முன்னால், முன்னால் என்று போனவர் கவையையும் தாண்டிப் போய், கிடாரம் தொங்குகிற பக்கமே தடியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் ஒண்ணா அமுக்குங்கலே!" என்று சத்தம் போட்டார்.

எல்லோரும் அமுக்கினார்கள். அப்பாவும் அமுக்கினார். அவர் அமுக்குவது நேரே கிடாரத்தின் தலையில் உட்காருவதற்குச் சமம். எங்கள் வீட்டு எருமைக்கடாவை ஒற்றைக் கையால் பிடிக்கிறவர் அவர். கிடாரம் மண்ணுக்குள் போகாமல் இருந்ததே பெரிய காரியம். புளியமரத்தடியில் வாத்தியார் தனியாகக் கயிற்றில் தொங்கி ஆடினார். நாய்கள் அவரைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தன.

"அமுக்குங்க! வீட்டுல திங்கலையா?" என்றார் அப்பா. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு முக்கினான்.

வாத்தியார் கயிற்றை விட்டு ஓடி வந்தார். தப்பு எங்கே என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, கொஞ்சம்..." என்றார்.

"என்னவே?" அப்பா திரும்பிப் பார்த்தார். விறகு பிளந்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணுமில்ல ஐயா. நல்லா அமுக்குதிய."

ஊரில் எல்லோரையும், எருமையைக்கூட, திருத்துகிற மனுஷன்! திருத்த வேண்டிய ஒரே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. திருத்தினால் பெண் போச்சு; திருத்தாவிட்டால் சோறு போச்சு, சோற்றோடு பெண்ணும் போச்சு. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. கிடாரத்திலிருந்து கஞ்சி வாடை எழும்ப ஆரம்பித்தது. பந்தியில் ஒரு பயல், "தொவையல் உண்டாலே?" என்று கேட்டான்.

நான் போய்ச் சொல்லலாமா? பெண்பிள்ளை சபையார் முன்னால் அப்பாவைத் திருத்தினால், கொற்கை என்ன, கடலுக்கே அனுப்பிவிடுவார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பாடம் காதில் அடித்தது. ஆதாரத்துக்குப் பக்கத்தில் ஆனைகள் நிற்கின்றன. ஆனைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது. ஆனால் ஆனை எதைப் பார்த்து முந்தும் என்று எனக்குத் தெரியும்.

நேராக ஐயரிடம் போனேன். "ஐயரே, வெயிலு மூஞ்சியில அடிக்கி. அங்கன புளிய நெழல்ல ஒக்காருங்க" என்றேன்.

"வெயிலு ஒண்ணும் பெரிசா இல்லையேம்மா" என்றார் ஐயர்.

"இருக்கி ஐயரே. மொகமே செவந்துட்டு."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பிரம்பு நாற்காலி, ஒரு கூடைப் பாரம்கூட இல்லை. நாய்களை விரட்டிவிட்டு, சரியாகக் கயிற்றுக்கு எதிரே போட்டேன். ஐயர் உட்கார்ந்தார். மூக்குக்கு நேரே கயிறு தொங்கினால் யார்தான் பிடிக்காமல் இருப்பார்? ஐயரும் பிடித்தார்.

"அப்பா, ஐயரு கயித்தைப் பிடிச்சிட்டாங்க!" என்று கத்தினேன்.

மூப்பர்மார் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் நாற்காலி எங்கே இருக்கிறதோ அதுதான் எங்கள் ஊரில் முன்வரிசை. இத்தனை நேரமும் தாங்கள் பின்னால் நின்று அமுக்கிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. அடுத்த நிமிஷம் தடியை விட்டுவிட்டு அத்தனை பேரும் புளியமரத்துக்கு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் அப்பா. அவர் கையை எடுத்ததுமே கிடாரம் மூச்சு விட்டதுபோல ஓர் அசைவு அசைந்தது. பிறகு அப்பாவும் மற்றவர்களும் கயிற்றில் விழுந்தார்கள். தடி தடாரென்று சாய்ந்தது. ஓடத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கவைக்குப் பக்கத்திலேயே முக்கிக்கொண்டிருந்த அத்தான், பிடி கீழே போகவும் பொத்தென்று உட்கார்ந்தான். கிடாரம் ஒரு முழம் துள்ளி எழுந்தது! கஞ்சி தெறித்து அடுப்பு புஸ்ஸென்றது.

"சுத்துங்க! பைய, பைய!" என்று வாத்தியார் அலறினார்.

கிடாரம் அடுப்பைவிட்டு விலகி, அது உட்காரப் பக்கத்தில் போட்டிருந்த வைக்கோல் புரிமணைக்கு வர வேண்டும். அதற்கு இந்த முனையைப் பிடித்தவர்கள் சுற்றி நடக்க வேண்டும். கிடாரம் கொஞ்சதூரம் நகர, இவர்கள் வெகுதூரம் நடந்தார்கள். களத்தில் பிணையல் மாடு சுற்றுவதுபோல மூப்பர்மார் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பந்திக்குள்ளேயே புகுந்தார்கள். பிள்ளைகள் இலையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். ஐயர் நடுவில் மாட்டிக்கொண்டு, கயிற்றை விடவும் முடியாமல், "நான் சும்மாதான் பிடிச்சேன், நான் சும்மாதான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

புரிமணைக்கு மேலே வந்தாயிற்று. இனி விட வேண்டும். யார் முதலில் கையை விடுவது? விடுகிறவன் தாழ்ந்தவன் ஆகிவிடுவானே! ஒருவரும் விடவில்லை. கடைசியில் ஐயர் பயந்துபோய், "ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஜெபத்துக்குக் கை கூப்ப வேண்டும். பக்தியிலும் முந்த வேண்டும் அல்லவா? ஒருவர் கூப்பினார், அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் அப்பா. ஆள் குறையக் குறையத் தடி ஏறியது. கடைசியில் வாத்தியார் மட்டும் கயிற்றில் நுனிக்காலில் நின்று, பிறகு நுனிக்காலும் தரையில் இல்லாமல் தொங்கினார். அந்தப் பக்கம் கிடாரம் அடைகோழி மாதிரி வைக்கோலில் உட்கார்ந்தது. ஐயர் ஆமென் சொன்னார்.

அப்பா போய் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். பருக்கை பருக்கையாகவே இருந்தது. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். சபையார் ஹோவென்று சத்தம் போட்டார்கள்.

அப்பா மீசையைத் தடவினார். "பாத்தியளா? நான் அங்கன போயி கை வச்ச பெறவுதான் கிடாரச் சவம் எந்திரிச்சிது. தடியாவது, வித்தையாவது!"

வித்தை இல்லையென்றால் அப்பா கொடுத்த சொல்லும் இல்லை, பெண்ணும் இல்லை. எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அந்தத் திறப்பு எனக்குத் தெரியும். 'தத்துவம் என்னவென்றால்' வரப்போகிறது. அன்றைக்கு நான் மனதார ஜெபம் பண்ணியது அப்போதுதான்.

"ஆமா" என்றார் அவர். "மாமாவாலதான் எந்திரிச்சிது."

இதுவரை 'ஐயா' என்றவர் சபை நடுவே 'மாமா' என்றுவிட்டார். யோசித்தால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அப்பாவால்தான் எழுந்தது, கை வைத்ததால் அல்ல, எடுத்ததால்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயரே, வாத்தியாருக்கு இப்பதான் கூறு வந்திருக்கி" என்றார். "சோறு குழையலை. சொன்ன சொல் சொன்னதுதான். பரிமாறுங்கலே!"

அத்தான் இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கொற்கைக்குப் போனான்.

கல்யாணம் முடிந்து அவர் வீட்டுக்கு, சேரன்மகாதேவிக்கு வண்டியில் போனோம். காலை நேரம், இரண்டு பக்கமும் வயல். திருநெல்வேலி தாண்டியதும் அவரால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. மாமா அன்னைக்கு நின்னது கவைக்கு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"தட்டி ஓலைதான" என்றேன்.

"நல்லவேளை, ஐயரு அந்த நேரம் பாத்து அங்கன வந்து ஒக்காந்தாரு. இல்லாட்டி..."

"ஐயரா வந்து ஒக்காந்தாரு? நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டது யாருன்னு நெனச்சிய?"

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சுத்தமல்லி தாண்டி ஓர் இடத்தில் வாய்க்கால் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் மாட்டை அதட்டினார், நகரவில்லை. வாத்தியார் குதித்து இறங்கி, வண்டிக்கு அடியில் கட்டியிருந்த தடியை உருவினார். நான் விளக்கத்துக்குக் காதைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். பிறகு தடியோடு என் பக்கம் வந்து நின்றார்.

"நீயே சொல்லு" என்றார். "எங்கன வைக்கட்டும்?"